மூத்தவர் கையில் அணி: வெங்கட்ராகவனோடு முடியாத ஒரு கேள்வி

1979ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்ட இந்திய அணியின் கேப்டன் எஸ். வெங்கட்ராகவன். சென்னையில் பிறந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1965இலிருந்து இந்தியாவுக்கு ஆடிவந்த ஆஃப் ஸ்பின்னர். வயது 34. அதற்கு முந்தைய தொடரில் அணியை நடத்தியவர் சுனில் கவாஸ்கர். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான அந்த ஆறு டெஸ்ட் தொடரை அவர் 1–0 என்று வென்று கொடுத்தார். தன் மட்டையால் 732 ரன்னும் குவித்தார். வென்ற கேப்டனை இறக்கிவிட்டு, ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்குமா என்று ஆண்டுக்கு ஆண்டு காத்திருந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தது ஏன் என்று அன்றே கேட்டார்கள்.

ஆளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கேள்வி நிற்கிறது. உடலின் உச்சகாலம் கடந்த, அணியில் தன் இடமே உறுதியில்லாத மூத்த ஆட்டக்காரர் ஒருவரிடம் நாட்டு அணியின் தலைமையை ஒப்படைக்கலாமா? இதற்குக் கிரிக்கெட் உலகம் ஏறக்குறைய 100 ஆண்டுகளாக விதவிதமாக விடை சொல்லி வருகிறது. அந்த விடைகள் எங்கே பிறந்தன, எங்கே இடறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

திருப்பனந்தாளில் உட்கார்ந்து யோசித்தால் இது லார்ட்ஸ் மைதானத்துச் சங்கதி மட்டுமில்லை என்பது தெரியும். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை போகும் சாலையோரம், சம்பா அறுவடை முடிந்து உளுந்து தெளிக்காமல் விட்ட வயல்களில் மாசி, பங்குனியில் டென்னிஸ் பந்து ஆட்டம் களைகட்டும். அறுத்த தாளின் கட்டையில் பட்டுப் பந்து எந்தப் பக்கம் போகும் என்று வீசியவருக்கே தெரியாது. அந்த அணிகளில் பெரும்பாலும் ஓர் அண்ணன் இருப்பார். இரண்டாவது ரன்னுக்கு ஓட மாட்டார். இரண்டு ஓவர் போட்டால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது, வரப்பு ஓரம் யாரை நிறுத்துவது என்று வரும்போது பையன்கள் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவருக்குப் பதிலாக நன்றாக அடிக்கிற ஒரு பையனைச் சேர்த்தால் என்ன என்ற முணுமுணுப்பும் அதே வரப்பில்தான் எழும். தேர்வுக்குழு அறைகளில் எழுந்த வாதங்களும் அடிப்படையில் இவை இரண்டும்தான்.

வயதும் தகுதியும்: பழைய தடங்கள்

தலைமைக்கு வயது வரம்பு வகுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் இடத் தகுந்தவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது என்றும் சொல்கிறது. முதிர்ச்சிக்கு ஒரு கீழ்வரம்பு வைத்தவர்கள், பதவியில் ஒட்டிக்கொள்வதற்கும் ஒரு தடை வைத்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் ஒன்றாக யோசித்ததில்தான் அந்த ஏற்பாட்டின் நுட்பம் இருக்கிறது. கிரிக்கெட் வாரியங்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே யோசித்தன.

திருக்குறள் இதை இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறது. தெரிந்து தெளிதல் 51ஆம் அதிகாரம். தெரிந்து வினையாடல் 52. ஆளைத் தேர்ந்து நம்புவது ஒன்று, தேர்ந்த ஆளிடம் எந்த வேலையை எப்படி விடுவது என்பது வேறொன்று. மூத்த கேப்டன்களைப் பற்றிய விவாதம் எப்போதும் முதல் அதிகாரத்திலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் முதன்மையான குற்றச்சாட்டு. இவர் தகுதியானவரா என்று கேட்டோம். தந்த வேலையைச் செய்ய அவருக்குக் காலமும் அதிகாரமும் தந்தோமா என்று அவ்வளவாகக் கேட்கவில்லை.

இந்திய டெஸ்ட் கிரிக்கெட்டே ஒரு மூத்தவரின் தலைமையில்தான் தொடங்கியது. 1932 ஜூன் 25ஆம் தேதி லார்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்டுக்குத் தலைமை தாங்கிய சி.கே. நாயுடுவுக்கு அப்போது 36 வயது. சுற்றுப்பயணத்தின் கேப்டன் போர்பந்தர் மகாராஜா. துணைக் கேப்டன் லிம்ப்டி இளவரசர். மகாராஜா தன் ஆட்டத்தின் அளவை அறிந்து ஒதுங்கிக்கொண்டார், லிம்ப்டிக்குக் காயம். அதனால்தான் நாயுடுவுக்கு வாய்ப்பு வந்தது. அவர் ஆட்டத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. அரச குடும்பத்தில் பிறக்காதவர் என்பதுதான் சிலருக்கு உறுத்தல். அடுத்த 1936 பயணத்தில் தலைமை விஜயநகரம் மகாராஜகுமாருக்குப் போனது. மூத்தவர் மீது எழும் ஐயம் எல்லாமே வயதைப் பற்றியதில்லை என்பதை இந்தத் தொடக்கமே காட்டுகிறது.

பிறகு வந்தது 1958–59. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஐந்து டெஸ்டுகளில் இந்தியாவுக்கு நான்கு கேப்டன்கள்: பம்பாயில் பாலி உம்ரிகர், கான்பூரிலும் கல்கத்தாவிலும் குலாம் அகமது, சென்னையில் வினூ மன்கட், டெல்லியில் ஹேமு அதிகாரி. ஆட்டக்காரர் தேர்வில் வாரியத்தோடு ஏற்பட்ட மோதலால் உம்ரிகர் சென்னை டெஸ்டுக்கு முதல் நாள் இரவு விலகினார். இன்று நேரு விளையாட்டரங்கம் எனப்படும் அன்றைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் 41 வயது மன்கட் அணியை நடத்தினார். அடுத்த டெஸ்டுக்கு, ராணுவ அதிகாரியான 39 வயது ஹேமு அதிகாரியைத் திரும்ப அழைத்தார்கள். அவர் 63, 40 என்று ரன் எடுத்தார். மூன்று விக்கெட்டும் வீழ்த்தினார். ஆட்டத்தைத் தோற்காமல் முடித்தார். அதோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கையும் முடிந்தது. தொடர் 3–0 என்று போனது. மூத்தவரின் தலைமை தோற்றதற்குச் சான்றாக அந்தத் தொடரைக் காட்டுவது எளிது. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது மூத்தவர்களின் தலைமையா, வாரியத்தின் நிலைகொள்ளாமையா என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

முதல் தரப்பு: மட்டைக்கோ பந்துக்கோ வழி இருக்க வேண்டும்

கேப்டன் முதலில் பதினொருவரில் ஒருவராக இருக்கத் தகுதி பெற வேண்டும். இல்லையென்றால் அணி பத்துப் பேரோடு ஆடுகிறது. இது மிகப் பழைய தரப்பு, மிக வலுவான தரப்பும் கூட. தமிழ்நாடு தந்த இன்னொரு இந்திய டெஸ்ட் கேப்டனான கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் இதன் கடுமையை அனுபவித்தவர். 1989இல் அவர் கேப்டனாகப் பாகிஸ்தான் போனபோது முப்பதைத் தொடவிருந்தார். நான்கு டெஸ்டும் சமநிலையில் முடிந்தன. பாகிஸ்தான் மண்ணில் தோற்காமல் திரும்புவது அன்று சின்ன விஷயமில்லை. சச்சின் டெண்டுல்கர் என்ற 16 வயதுப் பையன் அறிமுகமான தொடரும் அதுதான். ஆனால் ஸ்ரீகாந்த் அந்த நான்கு டெஸ்டிலும் சேர்த்து 100 ரன்னை எட்டவில்லை. கேப்டன் பதவியும் அணியில் இடமும் சேர்ந்தே போயின.

இந்தத் தரப்புக்கு எதிரே தனி ஆளாக நிற்பவர் மைக் பிரியர்லி. 39 டெஸ்ட் ஆடியும் ஒரு சதமும் அடிக்காதவர். சராசரி 23ஐத் தொடவில்லை. கெர்ரி பாக்கரின் தனித் தொடருக்கு ஆள் சேர்த்ததற்காக டோனி கிரெய்க் நீக்கப்பட்டபோது, 1977இல் 35 வயதில் இங்கிலாந்துக்குக் கேப்டனானார். 31 டெஸ்டில் 18 வெற்றி, 4 தோல்வி. 1981இல் கேப்டன் பதவியிலிருந்து போதம் விலகியதும், 39 வயதில் மீண்டும் அழைக்கப்பட்டு, ஃபாலோ ஆன் வாங்கிய ஹெடிங்லி டெஸ்டை 18 ரன்னில் வென்றார். அவர் 1985இல் எழுதிய கேப்டன்சி பற்றிய நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூலாகப் படிக்கப்படுகிறது.

பிரியர்லியைக் காட்டி முதல் தரப்பை முழுதாகத் தள்ளிவிட முடியாது. அவர் அணியில் போதமும் வில்லிஸும் கோவரும் இருந்தார்கள். எதிரணிகள் பலவும் பாக்கரிடம் ஆட்களை இழந்து மெலிந்திருந்தன. மேற்கிந்தியத் தீவுகளை அவர் டெஸ்டில் கேப்டனாக ஒருமுறையும் சந்திக்கவில்லை. ஓர் இடத்தைச் சும்மா கொடுத்துக் கேப்டனை வைத்துக்கொள்ள மற்ற பத்துப் பேரின் வலு தாங்க வேண்டும். அன்றைய இந்தியாவுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாம் தரப்பு: நிதானமும் நம்பிக்கையும்

திருப்பனந்தாள் அருணஜடேசுவரர் கோயிலின் தலவரலாறு எல்லோருக்கும் தெரியும். தாடகையின் மாலையை ஏற்கச் சாய்ந்த லிங்கத்தை அரசனின் யானைகளாலும் சேனையாலும் நிமிர்த்த முடியவில்லை. கடவூரிலிருந்து வந்த குங்கிலியக்கலய நாயனார் பூங்கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டி இழுத்தபோது நிமிர்ந்தது. வலிமை எத்தனை என்று எண்ணுகிற கணக்குக்குப் பிடிபடாத ஒன்று சிலரிடம் உண்டு என்று நம்புகிற மனம்தான் இந்த இரண்டாம் தரப்பின் மனமும். அணி சாய்ந்து நிற்கும் நேரத்தில் ஓட்டங்களைவிட ஆளின் இருப்பே பெரிது என்பது இதன் வாதம்.

இதற்குக் கிரிக்கெட்டில் கிடைக்கும் மிக வலுவான சான்று பாகிஸ்தானின் மிஸ்பா உல் ஹக். 2010இல் லார்ட்ஸில் பணத்துக்காக நோ பால் வீசிய ஊழல் வெடித்து, கேப்டன் உட்பட மூவர் வெளியேற்றப்பட்ட பிறகு அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. வயது 36. அந்த இங்கிலாந்துப் பயணத்துக்கே அவரைத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. 2007 இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் தூக்கி அடித்த பந்தை ஸ்ரீசாந்த் பிடித்ததுதான் ரசிகர் நினைவில் இருந்த மிஸ்பா. சொந்த மண்ணில் ஆட முடியாத அணியை அமீரகத்தின் வெறிச்சோடிய மைதானங்களில் நடத்தி, 2012இல் இங்கிலாந்தை 3–0 என்று வீழ்த்தி, 2016இல் டெஸ்ட் தரவரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 56 டெஸ்டில் 26 வெற்றி. கேப்டனான பின் அவருடைய பேட்டிங் சராசரி 50ஐத் தாண்டியது. சுமை கூடினால் ஆட்டம் குறையும் என்பதற்கு நேர் எதிராக நடந்தது.

ஃபிராங்க் வொரெல் 1960இல் மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டனானபோது அவருக்கும் 36. முழுத் தொடருக்கு நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினக் கேப்டன் அவர்தான், அதற்காக சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. நாயுடுவுக்கு நேர்ந்ததைப் போலவே இங்கும் ஐயத்தின் வேர் வயதில் இல்லை. பிரிஸ்பேனில் சரிநிகராய் முடிந்த டெஸ்டும் அதைத் தொடர்ந்த ஆஸ்திரேலியத் தொடரும் அந்த ஐயத்தை அடக்கின. இலங்கையில் ரங்கன ஹேரத், ஏஞ்சலோ மேத்யூஸ் காயத்தால் விலகிய 2016ஆம் ஆண்டில், 38 வயதில் முதல்முறை கேப்டனாகி ஜிம்பாப்வேயில் இரண்டு டெஸ்டையும் வென்றார். இரண்டாவதில் அவர் ஒருவரே 13 விக்கெட். எதிரணியின் வலுவைக் கருதி இதைப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தத் தரப்பின் பலவீனம், வென்றவர்களை மட்டுமே நினைவு வைத்துக்கொள்வது. நிதானம் என்ற குணம் வெற்றிக்குப் பிறகுதான் கண்ணில் படுகிறது. தோற்றால் அதே குணத்துக்கு மந்தம் என்று பெயர். மிஸ்பாவையே அவருடைய நாட்டில் பல ஆண்டுகள் அப்படித்தான் ஏசினார்கள்.

மூன்றாம் தரப்பு: பாலமாக நிற்பவர்

சைவ ஆதீனங்களில் சின்னப்பட்டம் என்றொரு ஏற்பாடு உண்டு. பெரியவர் இருக்கும்போதே அடுத்தவரைப் பெயர் சொல்லி அருகில் வைத்துப் பழக்குவார்கள். கிரிக்கெட்டில் இந்த ஏற்பாடு எழுதப்படாத ஒன்று. அடுத்தவர் தயாராகும்வரை மூத்தவர் ஒருவர் பொறுப்பைச் சுமக்கட்டும் என்பது மூன்றாம் தரப்பு.

அனில் கும்ப்ளே இதன் மிக நல்ல எடுத்துக்காட்டு. ராகுல் டிராவிட் விலகிய பின் 2007 நவம்பரில், அறிமுகமாகி 17 ஆண்டு கழித்து, 37 வயதில் டெஸ்ட் கேப்டன் ஆனார். பாகிஸ்தானை உள்நாட்டில் 1–0 என்று வென்றார். 2008 ஜனவரியில் சிட்னியில் நடுவர் தீர்ப்புகளும் நிறவெறிக் குற்றச்சாட்டும் தொடரையே குலைக்க இருந்த நேரத்தில் அணியைச் சிதறாமல் பிடித்து நிறுத்தி, அடுத்த பெர்த் டெஸ்டை வென்றார். 14 டெஸ்டில் 3 வெற்றி, 5 தோல்வி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சுமார்தான். சிட்னியையும் பெர்த்தையும் நினைத்துப் பார்ப்பவர் சுமார் என்று சொல்ல மாட்டார். அடுத்த ஆண்டு நவம்பரில் விரல் காயத்தோடு டெல்லியில் ஓய்வை அறிவித்தபோது, தோனி தயாராக இருந்தார்.

ஆஸ்திரேலியா இதே வழியில் இன்னும் தூரம் போனது. பாக்கர் ஆட்களை அள்ளிச் சென்ற 1977இல், ஓய்வு பெற்றுப் பத்தாண்டு ஆகவிருந்த பாப் சிம்ப்சனை 41 வயதில் அழைத்துவந்தது. பேடி தலைமையிலான இந்தியாவை 3–2 என்று அவர் வென்றார். பெர்த்தில் 176 அடித்தார். அடுத்து மேற்கிந்தியத் தீவுகளில் 3–1 என்று தோற்றார்.

பாலம் என்ற சொல்லில் ஓர் ஆபத்து இருக்கிறது. அடுத்து வரப்போகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்த அணியில் இப்போதைய கேப்டனின் சொல் எவ்வளவு எடுபடும்? 1974–75இல் ஏறக்குறைய ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் கேப்டனான பட்டோடி நவாப், முதல் இரண்டு டெஸ்டும் தோற்றுப்போன தொடரை, கல்கத்தாவிலும் சேப்பாக்கத்திலும் வென்று 2–2 என்று கொண்டுவந்தார். அவருடைய மட்டை அந்தத் தொடரில் ஏறக்குறைய ஊமையாகவே இருந்தது. பம்பாயில் கடைசி டெஸ்ட் தோற்றதும் அவர் விடைபெற்றார். அவரிடம் அதிகாரம் இருந்தது. அது பழைய புகழிலிருந்து வந்த அதிகாரம். எல்லா மூத்தவருக்கும் அந்த மூலதனம் இருப்பதில்லை.

1979: கூர்ந்து பார்க்க வேண்டிய கோடை

வெங்கட்ராகவன் கேப்டனானது 1979இல் தொடங்கிய கதையில்லை. 1974 டிசம்பரில், அதே பட்டோடி தொடரில், டெல்லி டெஸ்டுக்குப் பட்டோடிக்கும் கவாஸ்கருக்கும் விரல் காயம். கேப்டன் பொறுப்பு வெங்கட்டுக்கு வந்தது. அந்த டெஸ்ட் தோற்றது. அடுத்து கல்கத்தாவில் அவருக்கு ஆடும் பதினொருவரிலேயே இடமில்லை. பட்டோடி திரும்பினார் என்பது சரி. ஒரு டெஸ்டுக்கு முன்பு நாட்டின் கேப்டனாக இருந்தவரை வெளியே உட்காரவைத்த முடிவு, அந்த நியமனத்தைத் தேர்வுக்குழு எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டது என்பதைக் காட்டுகிறது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்ற சுழற்பந்து மூவருக்குப் பக்கத்தில் நான்காவதாக நின்றவருக்கு இது புதிதும் இல்லை. சில மாதம் கழித்து 1975 உலகக் கோப்பைக்கு அவரையே மறுபடி கேப்டனாக்கினார்கள்.

1979இல் கவாஸ்கரை விலக்கியதற்கு பாக்கர் தொடரோடு அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்ற பேச்சைக் காரணமாகச் சொல்வார்கள். வெங்கட் டெர்பிஷயர் கவுண்டிக்கு ஆடியவர், இங்கிலாந்து ஆடுகளங்களை அறிந்தவர் என்ற வாதமும் இருந்தது. எதுவானாலும் அவர் ஐயத்தைச் சுமந்தே போனார். உலகக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி. அன்று டெஸ்ட் தகுதி பெறாத இலங்கையிடமும் தோல்வி. சையத் கிர்மானியை விட்டுவிட்டு, சென்னையின் பரத் ரெட்டியை விக்கெட் கீப்பராகக் கொண்டுபோனதும் வாய்களுக்கு வேலை கொடுத்தது. முதல் டெஸ்டில், எட்ஜ்பாஸ்டனில், இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 633. ஐந்தையும் எடுத்தவர் இருபது வயது கபில் தேவ். இன்னிங்ஸ் தோல்வி. லார்ட்ஸில் 96க்குச் சுருண்ட அணி, இரண்டாவது இன்னிங்ஸில் விஸ்வநாத், வெங்சர்க்கார் சதங்களால் தப்பியது. கேப்டனின் பந்துக்கு அந்தக் கோடை முழுவதும் விக்கெட் அரிதாகவே கிடைத்தது.

எதிரே நின்ற கேப்டன் பிரியர்லி. அவருக்கு 37, இவருக்கு 34. சொந்த ஆட்டத்தைக் காட்டி ஐயத்துக்குள்ளான இருவர் எதிரெதிரே நின்ற தொடர் இது. நம் கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் அமையாது.

செப்டம்பர் 4, ஓவல். நான்காவது டெஸ்டின் கடைசி நாள். இலக்கு 438. கவாஸ்கரும் சேதன் சௌகானும் முதல் விக்கெட்டுக்கு 213 சேர்த்தார்கள். கடைசி 20 ஓவர் தொடங்கும்போது 110 ரன்தான் தேவை. ஒரு விக்கெட்டுக்கு 366 என்ற நிலையில் வெங்சர்க்கார் போனார். வழக்கமாக நான்காவதாக வரும் விஸ்வநாத் வரவில்லை. விரைவாக அடிக்கட்டும் என்று கபில் தேவை அனுப்பினார்கள். கபில் பூஜ்ஜியம். அடுத்து யஷ்பால் சர்மா. விஸ்வநாத் வந்தது ஆறாவதாக. 15 ரன்னில் அவர் அடித்த பந்தைப் பிடித்தவர் பிரியர்லியே. கவாஸ்கர் 221இல் போதமின் பந்தில் வீழ்ந்தார். களமிறங்கிய வெங்கட் ரன் அவுட் ஆனார். 8 விக்கெட்டுக்கு 429 என்ற நிலையில் ஆட்டம் நின்றது. தேவைப்பட்டது இன்னும் ஒன்பது ரன். கடைசியில் களத்தில் நின்ற இருவரில் ஒருவர் பரத் ரெட்டி.

இந்த ஒரு மாலையை வைத்து இருவரையும் எடைபோட்டவர்கள் நிறைய. பிரியர்லி ஓவர் வேகத்தைக் குறைத்தார், தளர்ந்திருந்த போதமைச் சரியான நேரத்தில் கொண்டுவந்தார் என்று அவருக்குப் புகழ். விஸ்வநாத்தைப் பின்தள்ளியது பிழை என்று வெங்கட்டுக்குப் பழி. அந்தப் பழியில் நியாயம் உண்டு என்றே இக்கட்டுரையாளருக்கும் தோன்றுகிறது. ஓவருக்கு ஐந்தரை ரன் தேவைப்பட்ட நேரத்தில், இடைவெளிகளில் பந்தைத் தட்டிவிடத் தெரிந்த விஸ்வநாத்தே ஏற்றவர். ஆனால் கபில் இருபது பந்து நின்றிருந்தால் அதே முடிவைத் துணிச்சல் என்று எழுதியிருப்போம். இன்னொன்றும் உண்டு: நான்காவது இன்னிங்ஸில் 438ஐத் துரத்துவது என்று எண்ணியதே, தோல்வியைத் தவிர்ப்பதோடு திருப்தியடைந்து பழகிய அணிக்குப் பெரிய திருப்பம்.

தொடர் 1–0 என்று போனது. லண்டனிலிருந்து திரும்பிய விமானத்திலேயே, அடுத்த தொடருக்குக் கவாஸ்கர் கேப்டன் என்ற செய்தியை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார் என்பது கிரிக்கெட் எழுத்தில் பலமுறை பதிவான தகவல். அதே விமானத்தில் வெங்கட்டும் உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதரிடம் பொறுப்பைத் திரும்ப வாங்கும் முறை இதுவல்ல.

மகளிர் அணி சொல்லும் மறுபக்கம்

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜ், 2005 உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு இந்தியாவை 22 வயதில் கொண்டுசென்றவர். 2017இல் 34 வயதில் மீண்டும் இறுதிக்கு வந்து, லார்ட்ஸில் ஒன்பது ரன்னில் தோற்றார். 2022 உலகக் கோப்பைக்கு 39 வயதில் போனபோது, மெதுவாக ஆடுகிறார் என்ற குறை பெரிதாக எழுந்தது; அணி அரையிறுதியை எட்டவில்லை. ஒரே ஆள், மூன்று வயதுகள். கேப்டனின் வயதை மட்டும் மாற்றிப் பார்க்க இதுபோன்ற வாய்ப்பு அரிது. ஆனாலும் இடையில் மகளிர் கிரிக்கெட்டே மாறிவிட்டது.

2025 உலகக் கோப்பையில் ஹர்மன்ப்ரீத் கவுர் 36 வயதில் அணியை நடத்தினார். லீக் சுற்றில் தொடர்ந்து மூன்று தோல்வி வந்ததும் அவருடைய கேப்டன்சியைக் கேள்வி கேட்டார்கள். நவி மும்பையில் நவம்பர் 2ஆம் தேதி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று கோப்பையைத் தூக்கினார். நடுவில் நீக்காமல் விட்டது அங்கே பலன் தந்ததாகத் தோன்றுகிறது.

எதை வைத்து அளப்பது?

இந்தத் தரப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. ஐயத்துக்குரிய மூத்தவரை யாரும் நல்ல காலத்தில் நியமிப்பதில்லை. ஊழல், காயம், ஆட்கள் வெளியேற்றம், வாரியச் சண்டை என்று அணி ஆட்டம் காணும் நேரத்தில்தான் அவர் பெயர் எழுகிறது. மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் நிறுவனங்களில் பெண் தலைவர்களைப் பற்றி இதையொத்த ஒன்றைச் சுட்டினார்கள்: சரிவின் விளிம்பில் நிற்கும் நேரத்தில்தான் அவர்களுக்குப் பொறுப்பு வருகிறது, சரிந்ததும் பழி அவர்கள் மேல் விழுகிறது. கிரிக்கெட்டுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. என்றாலும், மூத்த கேப்டன்களின் தோல்விப் பட்டியலை வாசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணிக்கையும் போதாது. அதிகாரிக்கு ஒரு டெஸ்ட், ஸ்ரீகாந்துக்கு நான்கு, வெங்கட்டுக்கு ஐந்து. மிஸ்பாவுக்கு 56. நீண்ட காலம் கிடைத்ததால் வென்றாரா, வென்றதால் நீண்ட காலம் கிடைத்ததா? மிஸ்பாவின் முதல் தொடர் தென்னாப்பிரிக்காவோடு 0–0 என்றுதான் முடிந்தது. அவரை அன்று யாரும் விமானத்தில் வைத்து நீக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இன்னும் தீராதவை

இதுவரை கிடைத்திருப்பதை வைத்துச் சொன்னால், வயதுக்கும் கேப்டனின் வெற்றிக்கும் நேரான தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. 1962இல் பார்படாஸில், நாரி காண்ட்ராக்டர் மண்டையில் அடிபட்டுச் சாய்ந்ததும் 21 வயதில் கேப்டனான பட்டோடியும், 36இல் வந்த மிஸ்பாவும் தத்தம் அணியை மாற்றியவர்களே. மூத்தவருக்குக் காலமும் ஆட்டக்காரர் தேர்வில் சொல்லும் கிடைத்த இடங்களில் நல்ல விளைவு அதிகம் தென்படுகிறது. இது காரணமா, உடன்வருவதா என்பது தீரவில்லை.

கவாஸ்கரிடம் திரும்பக் கொடுத்த முடிவைத் தவறென்றும் சொல்ல முடியாது. 1979–80இல் அவர் ஆஸ்திரேலியாவையும் பாகிஸ்தானையும் உள்நாட்டில் 2–0, 2–0 என்று வென்றார். அதே அணியை, அதே மண்ணில், வெங்கட் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு விடை இல்லை.

பந்துவீச்சாளர் என்பதால் ஐயம் இரட்டிப்பானதா என்பதும் தனியாக ஆராயப்பட வேண்டியது. அதே சென்னையின் ஆஃப் ஸ்பின்னரான அஸ்வின் 537 விக்கெட் எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். ஆட்டத்தை அவர் அளவுக்கு நுணுகிப் பார்த்தவர் அவர் தலைமுறையில் சிலரே. ஒரு டெஸ்டுக்குக்கூட அவர் இந்தியக் கேப்டனாகவில்லை.

வெங்கட் 1983 வரை, 38 வயதிலும், இந்தியாவுக்கு ஆடினார். பிறகு நடுவரானார். 73 டெஸ்டுகளில் நின்றார்; சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2002இல் தேர்ந்தெடுத்த உயர்நிலை நடுவர் குழுவில் இடம்பெற்றார். நடுவரின் வேலையும் கேப்டனின் வேலையும் ஒன்றில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கத்தும்போது பதறாமல் முடிவெடுப்பது இரண்டுக்கும் பொது. அந்த நிதானத்தைக் காட்ட நடுவர் வெங்கட்ராகவனுக்குப் பதினோரு ஆண்டு கிடைத்தது. டெஸ்ட் கேப்டன் வெங்கட்ராகவனுக்கு டெல்லியில் ஒரு டெஸ்டும் இங்கிலாந்தில் ஒரு கோடையும் கிடைத்தன.